கணக்கில் வராத ஆட்டங்கள்

பெப்ரவரி பிறந்தால் தவமலருக்கு இருப்புக் கொள்ளாது. மடித்து வைத்த உடுப்புகளை அலுமாரியிலிருந்து இறக்கித் திரும்பவும் மடிப்பாள். அரிசியை அடுப்பில் போட்டுவிட்டு யன்னலுக்கும் கதவுக்குமாக நடப்பாள். மருந்துக்கடையில் கூட வேலை செய்யும் றோஸ்மலர் இதைப் பல வருடமாகக் கவனித்து வந்தார்.

"இந்த மாசம் வந்தா உமக்கு ஏதோ பிடிக்குது, தவம்," என்பார். "வெயில் இல்லாத குறைதான். வைட்டமின் டி எடும்."

தவமலர் தலையாட்டிவிட்டு மாத்திரை அடுக்குவாள். மோர்டன் ஸ்டேஷனுக்கு அருகே இருக்கும் அந்தக் கடையின் பின்னறையில், வயதானவர்களுக்கான ஒரு கிழமை மாத்திரைகளைக் காலை, மதியம், இரவு என்று பிரித்துத் தட்டுகளில் போட்டு ஒட்டுவது அவள் வேலை. கை பிசகாது. மனம்தான் அங்கே நிற்காது. கடலுக்கு அப்பால் புளோரிடாவில், டொரொன்டோ நகரத்துப் பேஸ்பால் அணி புதிய வருடத்துக்கான பயிற்சிக்கு இறங்கியிருக்கும். யாருடைய தோள் நோகிறது, யார் புதிதாக வந்திருக்கிறான், யாரை அனுப்பிவிடுவார்கள் என்றெல்லாம் அவளுக்குத் தெரிந்தாக வேண்டும். நாற்பத்தேழு வயதில், லண்டனில், ஒரு யாழ்ப்பாணத்துப் பெண்ணுக்கு இதுதான் வருத்தம் என்று யாரிடம் சொல்வது?

அவள் சுன்னாகத்தில் பிறந்தவள். இருபத்தொரு வயதில் பிரான்ஸுக்குப் போய், பாரிஸுக்கு வெளியே லா கூர்நெவ்வில் ஒன்பது வருடம் இருந்தாள். ஹோட்டல் அறைகளைத் துப்புரவாக்கினாள், பாஷை படித்தாள், பாஸ்போர்ட் எடுத்தாள். தங்கை லோஜினி கலியாணம் கட்டி லண்டன் வந்ததும் இவளும் வந்தாள். லோஜினி செவன் கிங்ஸில் வீடு வாங்கினாள். தவமலர் நகரத்தின் மற்றத் தொங்கலில், நோர்த் சீம் பக்கம் ஒற்றை அறை பிளாட் ஒன்றில் குடியேறினாள். இரண்டுக்கும் இடையில் ரயில் மாறி மாறிப் போகும் தூரம் இருந்தது. அந்தத் தூரத்தால்தான் அக்காவும் தங்கையும் சண்டையில்லாமல் இருந்தார்கள் என்று லோஜினியின் கணவர் சொல்வதுண்டு.

பேஸ்பால் அவளுக்குப் போனில் வந்தது. முப்பத்தாறு வயதில் ஒரு சம்பந்தம் பேசினார்கள். மாப்பிள்ளை செல்வரத்தினம், டொரொன்டோவின் ஸ்காபரோவில் இருந்தார், கார் உதிரிப்பாகம் செய்யும் பக்டரியில் வேலை. சாதகம் பொருந்தியது, படம் கைமாறியது, இரண்டு பேரும் போனில் கதைக்கத் தொடங்கினார்கள். முதல் இரண்டு கிழமையும் பேச்சு சாப்பாட்டைத் தாண்டவில்லை. சாப்பிட்டீரோ, ஓம், நீங்கள், ஓம். பிறகு மழை. பிறகு பனி. இரண்டு பேருக்கும் கூச்சம். போன் காதில் சுட்டுக்கொண்டிருக்க, இரண்டு பேரும் பேசாமல் இருந்த நேரம்தான் அதிகம்.

ஒருநாள் அவர், "பள்ளிக்கூடத்திலை எல்லே விளையாடினனீரோ?" என்று கேட்டார்.

"ஓம். ரீமிலை இருந்தனான்."

"அப்ப உமக்கு இது லேசாப் பிடிபடும்," என்று தொடங்கினார். எல்லே விளையாட்டைப் போலவே தடியால் பந்தை அடித்துவிட்டுச் சுற்றி ஓடுவதுதான் பேஸ்பாலும் என்றார். நாலு முனை, ஒன்பது இன்னிங்ஸ், மூன்று பிழைவிட்டால் அடிப்பவன் வெளியே. அவள் இணையத்தில் ஆட்டத் துண்டுகளைப் பார்த்துவிட்டுக் குறுக்கே குறுக்கே கேள்வி கேட்டாள். பந்து வீசுபவன் ஏன் முதலாம் முனையைத் திரும்பித் திரும்பிப் பார்க்கிறான்? பின்னால் குந்தியிருப்பவன் விரலால் என்ன காட்டுகிறான்? அவர் தெரிந்ததைச் சொல்லுவார், தெரியாததை அடுத்த நாள் சொல்லுவார். அதற்குப் பிறகு அவர்களுக்குப் பேச்சுக்குக் குறைவிருக்கவில்லை. அடுத்த வருடம் ஒக்டோபரில் ஒரு முக்கியமான ஆட்டம் நடந்தபோது, அவர் போனைத் தொலைக்காட்சிக்கு நேரே பிடித்துக்கொண்டிருந்தார். ஏழாவது இன்னிங்ஸ் ஒரு மணித்தியாலத்துக்குக் கிட்ட இழுபட்டது. சனத்தின் இரைச்சலுக்கு நடுவே அவர் மூச்சு விடுவது அவளுக்குக் கேட்டது. இந்த மனிசனோடு வாழலாம் என்று அவள் அன்றுதான் நினைத்தாள்.

அவர்கள் நேரில் சந்தித்ததே இல்லை. அந்த ஆட்டத்துக்கு அடுத்த பெப்ரவரியில் செல்வரத்தினம், "மார்ச் முடிய முதல் அம்மாவோடை கதைச்சுத் திகதி சொல்லுறன்," என்றார். அந்த மாதம் முழுக்கத் தவமலர் பயிற்சி ஆட்டங்களைப் பார்த்தாள். அழைப்புகள் குறைந்தன. அம்மாவுக்குச் சுகமில்லை என்றார். ஷிப்ட் மாறிவிட்டது என்றார். மார்ச் கடைசியில் ஒரு குறுஞ்செய்தி வந்தது. "மன்னிக்கவும். வீட்டில் வேறு இடம் முடிவாகிவிட்டது. நீங்கள் நன்றாக இருக்க வேண்டும்." அதுவரை நீர் என்று பேசியவர், அதில் நீங்கள் என்று எழுதியிருந்தார்.

லோஜினி கனடாவுக்குப் போய் அவரைக் கன்னத்தில் அறைவேன் என்று நின்றாள். தவமலர் வழக்கம்போல வேலைக்குப் போய் வந்தாள். ஏப்ரல் வந்தது, டொரொன்டோ அணி கணக்கில் வரும் ஆட்டங்களை ஆடத் தொடங்கியது. இனிப் பார்ப்பதில்லை என்றுதான் இருந்தாள், ஆனாலும் பார்த்தாள். ஒருவேளை அவரும் இப்போது இதைப் பார்த்துக்கொண்டிருப்பார், ஒரே பந்தைத்தான் இரண்டு பேரும் பார்க்கிறோம் என்ற நினைப்பு அவளுக்கு இருந்தது. அதை அவள் தனக்குத்தானே கூடச் சொல்லிப் பார்த்ததில்லை. ஆனால் பத்து வருடம் அது இருந்தது.

கணக்கில் வரும் ஆட்டங்களில் பெரும்பாலானவை லண்டனில் நடுச்சாமத்தில்தான் வரும். அவள் விடியவே முடிவைத் தெரிந்துகொண்டு 93ஆம் இலக்க பஸ்ஸில் போகும்போது மற்ற விபரங்களைப் பார்ப்பாள். பயிற்சிக் காலத்தில் மட்டும்தான் புளோரிடாவின் மதியம் லண்டனில் வேலை முடிகிற நேரமாக இருக்கும். ஆகவே அவளால் தன் அணியைத் தொடர்ந்து நேரடியாகப் பார்க்க முடிகிற மாதங்கள் பெப்ரவரியும் மார்ச்சும்தான். ஆனால் அந்த ஆட்டங்களுக்கு ஒரு மதிப்பும் கிடையாது. வென்றாலும் புள்ளி இல்லை, தோற்றாலும் இல்லை. பெரிய ஆட்டக்காரர்கள் இரண்டு முறை மட்டை பிடித்துவிட்டுப் போய்விடுவார்கள். பிறகு எண்பது, தொண்ணூறு என்று இலக்கம் போட்ட, யாருக்கும் பேர் தெரியாத பெடியன்கள் இறங்குவார்கள். சமநிலையில் நின்றால் போதும் என்று கைகுலுக்கிவிட்டுக் கலைந்துவிடுவார்கள். இதைப் பார்த்து எதைத் தெரிந்துகொள்வது? நன்றாக ஆடினால், இது பயிற்சிதானே, நம்பக்கூடாது என்று நினைப்பாள். மோசமாக ஆடினால் நெஞ்சு அடிக்கும்.

கடந்த நவம்பரில் அவளுடைய அணி கடைசித் தொடரின் ஏழாவது ஆட்டம்வரை போய்த் தோற்றது. கிண்ணம் கைக்கு வர இரண்டே இரண்டு பேரை வெளியேற்ற வேண்டியிருந்த நேரத்தில் எதிரணி சமன் செய்தது. பதினோராவது இன்னிங்ஸில் எல்லாம் முடிந்தது. அதற்கு முன்பு, ஒன்பதாவது இன்னிங்ஸில், மூன்றாம் முனையிலிருந்து வெற்றி ஓட்டத்துக்கு ஓடி வந்த இவளுடைய அணிக்காரன் ஒரு பாத அளவில் பிந்தி வெளியேறினான். அவன் கொஞ்சம் முன்னுக்கு நின்று தொடங்கியிருந்தால்? குளிர்காலம் முழுக்கத் தவமலர் அந்த ஓட்டத்தைக் குளிக்கும்போதும் மாத்திரை பிரிக்கும்போதும் திரும்பத் திரும்ப ஓடிப் பார்த்தாள். பெப்ரவரியில் அணி புளோரிடாவில் கூடியபோது, வெயிலில் நின்று எல்லாரும் சிரித்துக்கொண்டிருக்கும் படங்கள் வந்தன. எப்படிச் சிரிக்கிறார்கள் என்று அவளுக்குக் கோபம் வந்தது. சிரிக்காமல் என்ன செய்வார்கள் என்று பிறகு தானே நினைத்துக்கொண்டாள். அடுத்த நாளும் கோபம் வந்தது.

அந்தக் கிழமைதான் செய்தி வந்தது. கடையின் பின்னறையில் நிற்கும்போது போன் அதிர்ந்தது.

"தவமலர், சுகமோ? செல்வரத்தினம். மார்ச்சிலை சொந்தத்திலை ஒரு பிள்ளையின்ரை சாமத்தியச் சடங்குக்கு லண்டன் வாறன். சந்திக்க ஏலுமோ?"

அவள் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு வேலையைத் தொடர்ந்தாள். கொஞ்ச நேரத்தில் இரவு மாத்திரையைக் காலைக் குழியில் போட்டிருப்பதைக் கண்டாள். தட்டு முழுவதையும் கொட்டித் திரும்ப அடுக்கினாள்.

அன்று பின்னேரமே லோஜினி போனில் கூப்பிட்டாள். அவளுக்குச் சொந்தக்காரர் வழியாக எல்லாம் தெரிந்திருந்தது.

"அக்கா, அந்தாள் இப்ப தனிய. மனிசியோடை பிரிஞ்சு நாலு வருசமாம். தாயும் செத்துப்போச்சு. சொந்த வீடு இருக்கு."

"நீ அவரை அறையப் போறனெண்டு நிண்டனி."

"அது அப்ப. இப்ப உங்களுக்கு என்ன வயசு? நாளைக்கு ஒரு காய்ச்சல் வந்தா ஆர் பாக்கிறது? நான் செவன் கிங்ஸிலையிருந்து ஓடிவர ஏலுமோ?"

தவமலர் ஒரு கிழமை பதில் போடவில்லை. பிறகு, "ஓம், வாங்கோ" என்று மட்டும் எழுதினாள்.

அதற்குப் பிறகு வந்த நாட்களில் அவளுக்குள் இருந்த பதற்றம் எது எதற்கானது என்று அவளுக்கே பிரிக்கத் தெரியவில்லை. நித்திரை குறைந்தது. பயிற்சி ஆட்டங்களை ஒரு காதில் மாட்டிக்கொண்டு பிளாட்டைக் கூட்டினாள். மார்ச் பிறந்ததும் அணியின் நல்ல ஆட்டக்காரர்கள் பலர் நாடுகளுக்கிடையிலான போட்டிக்கென்று அவரவர் நாட்டு அணிகளுக்குப் போய்விட்டார்கள். அங்கே போய்க் கையைக் காலை முறித்துக்கொண்டு வருவார்கள் என்ற பயம் வேறு. மிச்சம் நின்றவர்களில் ஒருவன்மேல் அவளுக்குப் பிடிப்பு உண்டானது. முப்பத்துநாலு வயது, இடது கைப் பந்து வீச்சாளன், முழங்கையில் சத்திரசிகிச்சை செய்தவன், முதுகில் தொண்ணூற்றொன்று. அணியில் இடம் என்று உறுதி ஒன்றும் கொடுக்காமல், வந்து வீசிக் காட்டு என்று கூப்பிட்டிருந்தார்கள். வருடா வருடம் அவள் இப்படி ஒருவனைப் பிடித்துக்கொள்வாள். வருடா வருடம் ஏப்ரலுக்கு முதல் அவனை அனுப்பிவிடுவார்கள்.

செல்வரத்தினத்தோடு என்ன பேசுவது என்று மனதில் ஒத்திகை பார்த்தாள். பார்க்கப் பார்க்க எல்லாம் ஆட்டக் கதையாகவே வந்தது. ஏழாவது ஆட்டத்தை எங்கேயிருந்து பார்த்தீர்கள்? அந்த ஓட்டத்தின்போது எழும்பி நின்றீர்களா? இவற்றைக் கேட்க அவளுக்குப் பத்து வருடமாக ஒரு ஆள் இருக்கவில்லை. மற்ற விசயங்களை அவர் பேசட்டும் என்று விட்டுவிட்டாள்.

சந்தித்தது மார்ச் நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மோர்டன் ஹோல் பார்க்கில் உள்ள கபேயில். அன்று இங்கிலாந்தில் அன்னையர் தினம் என்பதை அவள் யோசிக்கவில்லை. கபே முழுக்கப் பூங்கொத்து வைத்த அம்மாக்களும் அவர்களைக் கூட்டிவந்த பிள்ளைகளுமாக இருந்தார்கள். சுவரோரத்தில் ஒரு சின்ன மேசைதான் கிடைத்தது. செல்வரத்தினம் அந்தக் காலநிலைக்குத் தேவையில்லாத தடித்த கோட் போட்டு வந்தார். படத்தில் இருந்ததைவிட மெலிந்திருந்தார். மேப்பிள் பிஸ்கட் பெட்டி ஒன்றை மேசையில் வைத்தார். கலியாணம் பேசிய மனிதரை அவள் முதன்முறையாக நேரில் பார்த்தாள். வாய் திறந்ததும் குரல் மட்டும் தெரிந்த குரலாக இருந்தது.

"நான் உமக்கு நல்லதைச் செய்யேல்லை," என்றார். "அம்மாவை எதிர்க்க எனக்குத் தைரியமில்லை. போன் எடுத்துச் சொல்லவும் தைரியமில்லை. மெசேஜ் போட்டன். அது பிழை."

"அது முடிஞ்சுது. விடுங்கோ."

தேநீர் வந்தது. அவர் தன் வேலையைப் பற்றிச் சொன்னார், வீட்டைப் பற்றிச் சொன்னார். மனைவியைப் பற்றிக் குறை ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு பேருக்கும் ஒத்துவரவில்லை என்றார். தவமலருக்கு அது பிடித்தது. ஒரு இடைவெளி வந்தபோது அவள் கேட்டாள்.

"ஏழாவது ஆட்டம் எங்கையிருந்து பாத்தனீங்கள்?"

"எந்த ஆட்டம்?"

பகிடி விடுகிறார் என்று நினைத்தாள். "நவம்பரிலை. கடைசி ஆட்டம்."

"ஓ, பேஸ்போலோ." அவர் சிரித்தார். "அண்டைக்கு எங்கடை பக்கமும் ஒரே ஆரவாரம். எனக்கு அடுத்த நாள் ஓவர்டைம். படுத்திட்டன்."

"நீங்கள் பாக்கிறேல்லையோ இப்ப?"

"விட்டுக் கனகாலம்." கொஞ்சம் யோசித்துவிட்டு, கூச்சத்தோடு சொன்னார். "உண்மையைச் சொன்னா எனக்கு அதிலை பெரிய விருப்பம் இருந்ததில்லை, தவமலர். அப்ப உம்மோடை என்ன கதைக்கிறதெண்டு தெரியேல்லை. எனக்குப் பொம்பிளையளோடை கதைச்சுப் பழக்கமில்லை. வேலையிடத்திலை ஒரு பிலிப்பீன்காரன், உந்த விளையாட்டிலை பைத்தியம். பகல் முழுக்க அவனிட்டைக் கேட்டுப்போட்டு வந்துதான் பின்னேரம் உமக்குச் சொல்லுறனான். நீர் ஆசையாக் கேட்டீர். அதாலை விடாமல் சொன்னன்."

தவமலர் தேநீரை எடுத்தாள், குடிக்காமல் வைத்தாள். தன்னோடு பேசுவதற்காக ஒரு மனிதர் தனக்கு விருப்பமில்லாத விளையாட்டு ஒன்றைப் பாடமாக்கியிருக்கிறார். அவளுக்காக அதுவரை எவரும் அவ்வளவு பாடுபட்டதில்லை. அந்த நினைப்பு வந்த கையோடு மற்றதும் வந்தது. பத்து வருடமாக மறுபக்கத்தில் ஒருவரும் இருக்கவில்லை. அவள் தனியத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

ஆனாலும் ஆட்டக் கதையை அவளால் நிறுத்த முடியவில்லை. ஒன்பதாவது இன்னிங்ஸைச் சொல்லத் தொடங்கினாள். மூன்று முனையிலும் ஆட்கள், ஒருவன்தான் வெளியேறியிருந்தான், ஒரு ஓட்டம் போதும், பந்து தரையில் பட்டு இரண்டாம் முனைக்காரனிடம் போகிறது. அவர் மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருந்தார். இடையில், "இரண்டாம் முனையெண்டா வலப்பக்கமோ?" என்றார். அதை அவளுக்குச் சொல்லிக் கொடுத்ததே அவர்தான். அவள் மேசையில் சீனிப் பைகளை வைத்துக் காட்டினாள்.

"எவ்வளவு ஞாபகம் வச்சிருக்கிறீர்," என்றார். பிறகு சீனிப் பைகளைப் பார்த்தபடியே, "நீர் அங்கை வந்தா, உந்த மைதானத்துக்கே போகலாம். எனக்கு விளங்காட்டியும் பக்கத்திலை இருப்பன்," என்றார். "நான் கேக்கிறது விளங்குதுதானே? எனக்குத் தனிய இருந்து அலுத்துப்போச்சு. யோசிச்சுச் சொல்லும். அவசரமில்லை. ஏப்ரலுக்கு முதல் சொன்னாக் காணும்."

ஏப்ரல் என்ற சொல்லை அவர் வேண்டுமென்றே சொல்லவில்லை. மார்ச் முடிய முதல் திகதி சொல்வதாக அன்று தான் சொன்னது அவருக்கு ஞாபகமே இல்லை என்பது முகத்தில் தெரிந்தது. யோசிச்சுச் சொல்லுறன் என்பதுதான் தவமலரின் வாயில் வந்தது. நாகரிகமான பதில் அதுதான், லோஜினியும் சந்தோசப்படுவாள். ஆனால் அப்படிச் சொன்னால் இவர் கனடாவுக்குப் போய் மார்ச் முடியும்வரை போனைப் பார்த்துக்கொண்டிருப்பார். அது எப்படியிருக்கும் என்று அவளுக்குத் தெரியும். பழிவாங்கலாம் என்று ஒரு கணம் நினைத்ததும் உண்மைதான். மனம் வரவில்லை.

"யோசிக்கிறதுக்கு ஒண்டுமில்லை," என்றாள். "நான் வரேல்லை."

அவர் சீனிப் பைகளை ஒதுக்கி வைத்தார். "கோவமோ?"

"கோவமெண்டா இண்டைக்கு வந்திருக்க மாட்டன்."

"பின்னை?"

"நான் இவ்வளவு நாளும் நினைச்சுக்கொண்டிருந்த ஆள் வேறை. அந்தாள் ஆட்டம் பாக்கிற ஆள்." அவளுக்கே அது வேடிக்கையாகக் கேட்டது. ஆனாலும் சொல்லி முடித்தாள். "நீங்கள் பிழையான ஆளில்லை. எனக்குத் தெரியாத ஆள். அவ்வளவுதான்."

செல்வரத்தினம் சிரித்தார், பிறகு கோட் பொத்தானைத் தடவிக்கொண்டிருந்தார். வற்புறுத்தவில்லை. ஸ்டேஷன் வரைக்கும் இரண்டு பேரும் நடந்தார்கள். "அந்தப் பிலிப்பீன்காரன் இப்பவும் அங்கைதான் வேலை செய்யிறான்," என்றார் வாசலில் நின்று. "உம்மைப் பற்றிச் சொன்னா நம்பமாட்டான்." பிறகு படியிறங்கிப் போய்விட்டார்.

ஐந்து மணி கடந்திருந்தது. அன்றைய ஆட்டம் தொடங்கியிருக்கும். தவமலர் காதில் எதையும் மாட்டவில்லை. வீட்டுக்குப் போய் அந்த பிஸ்கட்டில் நாலைந்தைச் சாப்பிட்டுவிட்டுக் குளிர்சாதனப் பெட்டியை வெளியே இழுத்துப் பின்பக்கம் துடைத்தாள். திங்களும் பார்க்கவில்லை, செவ்வாயும் பார்க்கவில்லை. யாருக்காகப் பார்ப்பது என்ற கேள்வி அவளைக் குடைந்தது. அவருக்காகப் பார்த்தது என்றால் இனி விட்டுவிடலாம். விட்டுவிட்டால் பெப்ரவரியில் ஒழுங்காக நித்திரை கொள்ளலாம், நடுச்சாமத்து ஆட்டத்தின் முடிவைத் தேடி விடிய எழும்பத் தேவையில்லை. இப்படி நியாயங்களை அடுக்கிப் பார்த்தாள். ஆனால் பின்னேரம் ஆனதும் கை போனுக்குப் போனது. கையை இழுத்துக்கொண்டு வெளியே நடந்தாள்.

வியாழக்கிழமை கடையில் சனம் குறைந்த நேரம் பார்த்து றோஸ்மலர் பின்னறைக்கு வந்தார்.

"என்ன, முகம் சரியில்லை. கனடாவிலையிருந்து ஆரோ வாறாரெண்டு சொன்னீரே, அந்தாளைச் சந்திச்சீரோ?"

தவமலர் சொன்னாள். கலியாணத்தை மட்டுமல்ல, ஆட்டத்தையும் சொன்னாள். முதன்முறையாக எல்லாவற்றையும் ஒரு ஆளுக்குச் சொன்னாள். றோஸ்மலர் வாயில் கைவைத்துக் கேட்டார்.

"அப்ப இவ்வளவு காலமும் பெப்ரவரியிலை உமக்குப் பிடிக்கிறது உதுதானோ? நான் வைட்டமின் எண்டெல்லோ நினைச்சன்."

"இனிப் பாக்கிறேல்லை, றோஸக்கா."

"ஏன் பாக்காமல்? சரி, அது உம்மடை விருப்பம்."

றோஸ்மலர் முன்னுக்குப் போனார். தவமலர் ஒரு தட்டை ஒட்டி முடித்துவிட்டு, ஒரேயொரு தரம் பார்ப்பம் என்று போனை எடுத்தாள். தொண்ணூற்றொன்றை அனுப்பிவிட்டார்கள். பயிற்சி முகாமிலிருந்து விடுவிக்கப்பட்டோர் என்று நாலு பேர் வரிசையில் அவன் பெயரும் கிடந்தது.

அவள் போனோடு நேரே கடையின் முன்பக்கம் போனாள்.

"இதைப் பாருங்கோ, றோஸக்கா. அந்த மனிசனை அனுப்பிட்டாங்கள்."

"ஆரை?"

"இடக்கையாலை வீசுறவன். இவங்களிட்டைக் கடைசி இன்னிங்ஸுக்கு இடக்கைக்காரர் ஆர் இருக்கினம்? போன வருசம் எதாலை தோத்தது? கடைசியிலை வீசக் களைச்சுப்போகாத ஆள் இல்லாமல்தானே? இவன் வந்த நாள் தொடக்கம் ஒழுங்காத்தான் வீசினவன். ஒரே ஒரு நாள் அடி வாங்கினான். அதுவும் பயிற்சி ஆட்டத்திலை. பயிற்சி ஆட்டத்தைக் கணக்கெடுக்கிறதெண்டா பிறகேன் பயிற்சி எண்டு பேர் வைக்கிறாங்கள்?"

கவுண்டருக்கு அப்பால் டொக்டர் எழுதிய மருந்துத் துண்டோடு நின்ற ஆங்கிலேயக் கிழவர் ஒருவர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். றோஸ்மலர் அவரிடம் ஒன்றுமில்லை என்று சைகை காட்டிவிட்டு, தவமலரின் கையைப் பிடித்தார்.

"இனிப் பாக்கிறேல்லை எண்டு இப்பதான் சொன்னீர்."

தவமலர் நின்றாள். அவளுக்கு வந்த கோபத்தில் செல்வரத்தினம் எங்கும் இருக்கவில்லை. அந்த இடக்கைக்காரனும், அவனை அனுப்பிய மனேஜரும், ஏப்ரலில் எட்டாவது இன்னிங்ஸில் பந்து வீச ஆளில்லாமல் நிற்கப்போகும் அவளுடைய அணியும்தான் இருந்தார்கள். அவள் கிழவரின் மருந்துத் துண்டை வாங்கிக்கொண்டு பின்னறைக்குப் போனாள். அன்று பின்னேரம் வேலை முடிந்ததும் பஸ்ஸில் ஏறுவதற்கு முன்பே காதில் மாட்டினாள். மூன்றாவது இன்னிங்ஸ் நடந்துகொண்டிருந்தது. ஒருவருக்காகவும் இல்லை. அவளுக்குக் கேட்க வேண்டியிருந்தது.

அவரைத் தள்ளிவிட்டதைக் கேள்விப்பட்டதும் லோஜினி இரண்டு நாள் கோபத்தில் கூப்பிடவில்லை. பிறகு கூப்பிட்டு, வந்த சம்பந்தத்தைத் தள்ளிவிட்டுக் கடைசிக் காலத்தில் என்ன செய்யப்போகிறீர்கள் என்று நெடுநேரம் கதைத்தாள்.

"ஜூலையிலை கனடா போறன்," என்றாள் தவமலர் கடைசியில்.

லோஜினியின் குரல் மாறியது. "அவரிட்டையோ?"

"இல்லை. நாகேஸ்வரி மாமி வீட்டிலை நிக்கப்போறன். எத்தினை தரம் கூப்பிட்டவ."

நாகேஸ்வரி மாமி தகப்பனின் ஒன்றுவிட்ட தங்கை, டொரொன்டோவுக்கு அருகே மார்க்கம் நகரில் இருந்தார். கலியாணம், பிறந்தநாள், புதுவீட்டுக் குடிபூரல் என்று அவர் கூப்பிட்ட ஒவ்வொரு முறையும் தவமலர் ஏதோ சாட்டுச் சொல்லி நின்றுவிட்டாள். எங்காவது ஒரு விழா ஹோலில் செல்வரத்தினத்தைக் காண நேரும் என்ற பயம். இப்போது கண்டால் சுகம் விசாரிக்கலாம்.

"அங்கை போய் என்ன செய்யப் போறீங்கள்?"

"பேஸ்போல் பாக்க."

லோஜினி, "தனியவோ?" என்று கேட்டாள்.

"ஓம். தனியத்தான்."

முதலாளியிடம் லீவு கேட்டபோது அவர் கலியாணவீடோ என்றுதான் கேட்டார். மார்ச் கடைசிக் கிழமையில் பயிற்சி முடிந்தது. நாடுகளுக்கு ஆடப் போனவர்கள் திரும்பி வந்தார்கள், அணி புளோரிடாவை விட்டு வடக்கே கிளம்பியது. தவமலர் ஜூலைக்கு விமான டிக்கெட் போட்டாள், மைதானத்தில் முதலாம் முனைப் பக்கம் ஒரு இருக்கையும் எடுத்தாள். எடுத்த பிறகும் நிம்மதி வரவில்லை. ஜூலைக்குள் இவர்கள் இருபது ஆட்டம் பின்னுக்குப் போய்விட்டால்? ஆட்டத்தைத் தொடங்கி வீசும் ஐந்து பேரில் கடைசியானவன் கடைசிப் பயிற்சி ஆட்டத்தில் பாதியில் இறங்கி, தோளைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனான். பெரிதாக ஒன்றுமில்லை என்று மனேஜர் சொன்னாராம். அப்படித்தான் எப்போதும் சொல்வார்கள். அவள் அலுமாரியைத் திறந்து, மடித்திருந்த உடுப்புகளைத் தொடாமல் திரும்ப மூடிவிட்டு, அந்தத் தோளைப் பற்றிப் புதிதாக ஏதும் வந்திருக்கிறதா என்று இன்னொரு முறை தேடினாள்.